கேரலின் கீன் யார்? நான்சி ட்ரூவுக்குப் பின்னால் இருந்த கைகள்

கேட்கப்பட்ட கேள்வி இது. வீட்டில் நான்சி ட்ரூ என்ற அமெரிக்கப் பெண் துப்பறியும் கதைகள் இரண்டு விதமான பதிப்புகளில் இருக்கின்றன. பழைய வடிவத்தில் நான்சிக்கு 16 வயது, கடையில் புதிதாக வாங்கியதில் 18. முதல் சில புத்தகங்களில் ஹெலன் என்றொரு தோழி வருகிறாள், அப்புறம் ஆளையே காணோம். திடீரென்று பெஸ், ஜார்ஜ் என்று வேறு இருவர் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனால் எல்லா அட்டையிலும் 'கேரலின் கீன்' என்ற ஒரே பெயர்தான். 1930-இல் எழுதத் தொடங்கியவர் இன்னுமா எழுதிக்கொண்டிருக்கிறார்? குழந்தையின் பள்ளி ப்ராஜெக்டில் நூலாசிரியர் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

கேரலின் கீன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. அது ஒரு கம்பெனி வைத்துக்கொண்ட புனைபெயர். அந்தப் பெயருக்குள் பத்திரிகைக்காரப் பெண் ஒருவர் இருந்திருக்கிறார், கம்பெனி முதலாளியின் மகள் இருந்திருக்கிறார், ஆண்களும் இருந்திருக்கிறார்கள். பாத்திரங்கள் ஏன் மாறுகிறார்கள் என்ற கேள்விக்கும் இதுவேதான் விடை. எழுதியவரும் திருத்தியவரும் மாறும்போதெல்லாம் நான்சியின் குணமும், வீட்டு வேலைகளைப் பார்க்கும் ஹன்னாவின் இடமும், தோழிகளின் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கின்றன. பழகிவிட்டால் ஒரு புத்தகத்தைப் பத்துப் பக்கம் புரட்டியதுமே இது யார் கை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கம்பெனியிலிருந்து தொடங்குகிறேன். எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் 1862-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகளைத் தானே எழுதிக் குவித்தவர். ரோவர் பாய்ஸ் என்ற அவருடைய தொடர் 1899-இல் வந்து நன்றாக ஓடியது. தன் மண்டையில் உதிக்கும் கதைகளை எல்லாம் ஒரு ஆளாக எழுதித் தீர்க்க முடியாது என்று தெரிந்ததும், 1905 வாக்கில் ஸ்ட்ராட்டமேயர் சிண்டிகேட் என்ற அமைப்பைத் தொடங்கினார். கதைச் சுருக்கத்தை இவர் எழுதிக் கொடுப்பார். வெளியே இருக்கும் எழுத்தாளர் ஒருவர் அதை முழுப் புத்தகமாக்கித் தருவார். திரும்பி வந்ததை இவர் திருத்திப் பதிப்பகத்துக்கு அனுப்புவார். எழுதியவருக்கு ஒரு தொகை கையில் கிடைக்கும், அவ்வளவுதான். ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, கிடையாது, அட்டையில் பெயர் கிடையாது. இதை நான்தான் எழுதினேன் என்று வெளியே சொல்வதில்லை என்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பாப்ஸி ட்வின்ஸ், டாம் ஸ்விஃப்ட், 1927-இல் வந்த ஹார்டி பாய்ஸ் எல்லாம் இந்தப் பட்டறையின் சரக்குதான்.

ஹார்டி பாய்ஸ் நன்றாக விற்றது. பெண் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு துப்பறியும் தொடர் இருந்தால் என்ன என்று ஸ்ட்ராட்டமேயர் யோசித்தார். கிராசெட் அண்ட் டன்லப் பதிப்பகத்துக்கு அவர் எழுதிய குறிப்பில் நாயகிக்கு ஸ்டெல்லா ஸ்ட்ராங் என்று பெயர் வைத்திருந்தார். டயானா ட்ரூ, டயானா டேர், நான் நெல்சன், ஹெலன் ஹேல், நான் ட்ரூ என்று வேறு பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. கடைசிப் பெயரை எடுத்துக்கொண்டு, 'நான்' என்பதை நான்சி என்று நீட்டியது பதிப்பகம்.

எழுதும் வேலை மில்ட்ரெட் அகஸ்டின் வர்ட் என்ற இளம்பெண்ணிடம் போனது. பின்னாளில் மறுமணம் செய்துகொண்டு மில்ட்ரெட் பென்சன் ஆனவர் இவர்தான். அயோவா மாநிலத்தில் லடோரா என்ற சிற்றூரில் 1905-இல் பிறந்து, அயோவா பல்கலைக்கழகத்தில் 1927-இல் இதழியல் முதுகலைப் பட்டம் வாங்கியவர். அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண். சிண்டிகேட்டுக்காக ரூத் ஃபீல்டிங் என்ற தொடரில் ஏற்கெனவே எழுதியிருந்தார். நான்சி ட்ரூ புத்தகம் ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்தது 125 டாலர். எத்தனை லட்சம் பிரதி விற்றாலும் அதே 125 டாலர்தான்.

முதல் மூன்று புத்தகங்களும் 1930 ஏப்ரல் 28 அன்று ஒன்றாக வெளிவந்தன: தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக், தி ஹிடன் ஸ்டேர்கேஸ், தி பங்களோ மிஸ்டரி. விலை 50 சென்ட். மே 10 அன்று ஸ்ட்ராட்டமேயர் இறந்துபோனார். தான் பெயர் தேடிப் பெற்ற பெண் என்ன ஆனாள் என்று அவர் பார்க்கவே இல்லை.

மில்ட்ரெட் எழுதிய அந்த முதல் நான்சியைப் பார்க்க வேண்டும். 16 வயது, பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. வேலைக்கும் போவதில்லை, கல்லூரிக்கும் போவதில்லை. நீல நிற ரோட்ஸ்டர், அதாவது திறந்த சின்னக் கார், ஒன்று சொந்தமாக இருக்கிறது. அப்பா கார்சன் ட்ரூ ரிவர் ஹைட்ஸ் என்ற ஊரில் பேர்போன வக்கீல். மகளிடம் வழக்குகளைப் பற்றிச் சக வக்கீலிடம் பேசுவதுபோலப் பேசுவார். நான்சிக்கு பத்து வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார் என்பதால் வீட்டு நிர்வாகம் இவள் கையில். ஹன்னா க்ரூயன் அங்கே சமையலும் வீட்டு வேலையும் பார்க்கும் வயதான பெண்மணி. நான்சி சொல்வார், ஹன்னா செய்வார். அதற்கு மேல் அவருக்குக் கதையில் பெரிய இடம் கிடையாது.

முதல் கதையில் ஜோசையா கிரவுலி என்ற பெரியவர் இறந்துபோகிறார். சொத்தெல்லாம் டாப்பம் என்ற பகட்டுக் குடும்பத்துக்குப் போகப் போகிறது. அவர் இன்னொரு உயில் எழுதியிருக்கிறார் என்று நான்சிக்குச் சந்தேகம். தடயம் ஒரு பழைய கடிகாரம். அதைத் தேடி மூன் லேக் ஏரிக்கரையில் டாப்பம் குடும்பத்தின் பூட்டிக் கிடக்கும் கோடை வீட்டுக்குள் நுழைகிறாள். போன நேரத்தில் உள்ளே திருடர்கள் சாமான்களை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அவளைப் பிடித்துத் துணி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இருட்டில் முதலில் அவளுக்குக் கொஞ்சம் பதறத்தான் செய்கிறது. அப்புறம் துணி மாட்டும் கட்டையைத் தடவி எடுத்து, அதை நெம்புகோலாக்கிக் கதவை நெம்பத் தொடங்குகிறாள். யாராவது பையன் வந்து கதவை உடைத்துக் காப்பாற்றட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. 1930-இல் பெண் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தைக் கையைவிட்டுக் கீழே வைக்காததற்கு இந்த மாதிரி இடங்கள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது புத்தகத்தில் பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் ஒரு பழைய மாளிகையில் தங்கப் போகிறாள். மகளை வழியனுப்பும் அப்பா தன் ரிவால்வரை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார்! இன்று கடையில் கிடைக்கும் பதிப்பில் ரிவால்வர் இல்லை. அவள் தனியாகவும் போவதில்லை, ஹெலன் கார்னிங் கூடவே போகிறாள்.

ஹெலன் விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் நான்சிக்கு இருந்த தோழி ஹெலன்தான். ஆனால் அவளுக்கென்று தனிக்குணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஏரிக்கரை முகாமில் இருப்பாள், படகில் கூட வருவாள், நான்சி சொல்வதைக் கேட்டு வியப்பாள். தொடரின் ஐந்தாவது புத்தகம் தி சீக்ரெட் அட் ஷேடோ ராஞ்ச், 1931-இல் வந்தது. அதற்குள் கம்பெனி ஸ்ட்ராட்டமேயரின் மகள்கள் ஹேரியட், எட்னா கைக்கு வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தில்தான் பெஸ் மார்வினும் ஜார்ஜ் ஃபேனும் அறிமுகம் ஆகிறார்கள். இருவரும் ஒன்றுவிட்ட சகோதரிகள். பெஸ் அழகி, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, சாப்பாட்டுப் பிரியை, எதற்கெடுத்தாலும் 'வேண்டாமே, திரும்பிப் போயிடலாமே' என்பவள். ஜார்ஜ் என்பது ஆண் பெயராக இருந்தாலும் அவள் பெண்தான். குட்டை முடி, விளையாட்டு வீராங்கனை, வெடுக்கென்று பேசுவாள். ஒருத்தி பயப்பட, மற்றவள் அவளைக் கிண்டல் செய்ய, நடுவில் நான்சி ஒரு முடிவெடுத்து நடப்பாள். இந்தச் சேர்க்கை கதை சொல்ல அவ்வளவு வசதி. அபாயத்தை விளக்க பெஸ் போதும், அதற்குள் பாய ஜார்ஜ் போதும். ஹெலனுக்கு அங்கே வேலை இல்லாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. சண்டையும் இல்லை, விடைபெறுதலும் இல்லை, மெதுவாக ஆள் கரைந்துவிட்டாள். 1959-க்குப் பிறகு பழைய புத்தகங்களைத் திருத்தி எழுதியபோது இது கேட்பாரற்ற ஓட்டையாகத் தெரிந்திருக்கிறது. திருத்திய பதிப்பில் ஹெலனை நான்சியைவிட வயதில் மூத்தவளாக்கி, அவளுக்குத் திருமணம் நிச்சயம் ஆகிவிட்டது என்றும் சொல்லி, அவள் விலகுவதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கி வைத்தார்கள்.

நெட் நிக்கர்சன் ஏழாவது புத்தகத்தில்தான் வருகிறான், தி க்ளூ இன் தி டைரி, 1932. அவன் அறிமுகமாகும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு மாளிகை தீப்பற்றி எரிகிறது. நான்சி திரும்பிப் பார்த்தால் யாரோ ஓர் இளைஞன் அவள் காரை ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். கார் திருடன் என்று நினைத்து ஓடுகிறாள். அவனோ தீப்பொறி பட்டுவிடக் கூடாதே என்று காரை நகர்த்திவைக்கப் பார்த்த நல்ல பையன். அதற்குப் பிறகு எமர்சன் கல்லூரியில் படித்துக்கொண்டே, கால்பந்து ஆடிக்கொண்டே, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்கிறான். பல பத்தாண்டுகள் ஆகியும் படிப்பு முடியவில்லை. அவனுடைய நண்பர்கள் பர்ட், டேவ் இருவரும் முறையே ஜார்ஜுக்கும் பெஸ்ஸுக்கும் ஜோடி. நான்சியோ கல்யாணப் பேச்சு வந்தாலே அடுத்த மர்மத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவர்களைத் தவிர நியூயார்க்கில் இருக்கும் அத்தை எலோயிஸ், 1937-இல் வந்து சேர்ந்த டோகோ என்ற நாய்க்குட்டி, உள்ளூர் போலீஸ் அதிகாரி மெக்கின்னிஸ் ஆகியோர் அவ்வப்போது தலைகாட்டுவார்கள்.

இங்கே ஒரு சின்னக் குறுக்கீடு. நம் ஊர் வாடகை நூல் நிலையங்களில் முன்பு அதிகம் சுற்றியவை பிரிட்டனில் அச்சான காலின்ஸ், அர்மடா பேப்பர்பேக்குகள். அவற்றின் முதுகில் இருக்கும் எண் அமெரிக்க வரிசை எண் அல்ல. அதை நம்பி வரிசையாகப் படித்தவர்களுக்கு, நெட் அறிமுகம் ஆவதற்கு முன்பே காதலனாக நிற்பான். குழப்பம் உங்களுடையது அல்ல, அந்த எண்களுடையது. அமெரிக்கப் பதிப்பின் முதல் வெளியீட்டு ஆண்டை வைத்து அடுக்குவதுதான் சரி.

சரி, எழுதியவர்கள் கதைக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் பொருளாதார மந்தம் முற்றியபோது சிண்டிகேட் எழுத்துக் கூலியை 75 டாலர் வரை குறைத்தது. மில்ட்ரெட் அந்தத் தொகைக்கு எழுத மறுத்துவிட்டார். அதனால் 8, 9, 10 ஆகிய மூன்று புத்தகங்களை வால்டர் காரிக் என்ற பத்திரிகையாளர் எழுதினார். அவர் அவற்றைத் தான் எழுதியதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குத் தெரிவித்துவிட, கம்பெனி கொதித்துப்போனது. கேரலின் கீன் பெயரிலேயே டானா கேர்ல்ஸ் என்று இன்னொரு தொடர் 1934-இல் தொடங்கியது. அதன் முதல் சில புத்தகங்களை எழுதியவர் லெஸ்லி மெக்ஃபார்லேன். ஹார்டி பாய்ஸை எழுதிய அதே கனடாக்காரர்தான்.

பதினோராவது புத்தகத்திலிருந்து மில்ட்ரெட் திரும்பி வந்தார். 1 முதல் 7 வரை, 11 முதல் 25 வரை, அப்புறம் 1953-இல் வந்த 30-ஆவது புத்தகம் தி க்ளூ ஆஃப் தி வெல்வெட் மாஸ்க், ஆக மொத்தம் 23 நான்சி ட்ரூ கதைகள் அவருடையவை. கம்பெனி கொடுத்த சுருக்கம் இல்லாமல் தன் சொந்தப் பெயரில் அவர் எழுதிய பென்னி பார்க்கர் தொடரைப் பார்த்தால் இவர் கை இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கேயும் அம்மா இல்லாத பெண், மகளுக்கு இடம் கொடுக்கும் அப்பா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாள். ஆனால் அப்பா வக்கீல் இல்லை, நாளிதழ் நடத்துகிறவர். பென்னி துப்பறிவது செய்தி பிடிப்பதற்காக. தனக்குப் பிடித்த நாயகி நான்சி இல்லை, பென்னிதான் என்று மில்ட்ரெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்தவர் வேறு என்ன சொல்வார்? ஓஹையோவில் டொலீடோ நகரப் பத்திரிகைகளில் 1944-இல் சேர்ந்தார். 2002 மே மாதம் 96 வயதில் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கினார். மத்திய அமெரிக்கக் காடுகளில் ஓடத்தில் போய் மாயா நாகரிக இடங்களைப் பார்த்தார். நான்சியின் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

மறுபக்கம் ஹேரியட் ஸ்ட்ராட்டமேயர் ஆடம்ஸ். 1892-இல் பிறந்து, வெல்ஸ்லி கல்லூரியில் 1914-இல் பட்டம் வாங்கியவர். வேலைக்குப் போக ஆசைப்பட்டார், அப்பா விடவில்லை. பெண் வெளியே போய்ச் சம்பாதிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த மனிதர், கையெழுத்துப் படிகளை வீட்டுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னதோடு சரி. வெளியூர்ப் பெண்ணிடம் புத்தகம் எழுதி வாங்கியவர் சொந்த மகளை அலுவலகத்துக்குள் விடவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அப்பா போனதும் கம்பெனியை விற்கப் பார்த்தார்கள், மந்தக் காலத்தில் வாங்க ஆள் இல்லை. நான்கு குழந்தைகளுக்குத் தாயான ஹேரியட் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை எட்னா 1942 வாக்கில் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கினார். ஹேரியட் சாகும்வரை, அதாவது 1982 வரை, நாற்காலியை விடவில்லை.

மில்ட்ரெட்டின் நான்சி ஹேரியட்டுக்கு ஒரு மாற்றுக் குறைவாகவே பட்டாள். வாய்த்துடுக்கு அதிகம், பெரியவர்களிடம் அதட்டலாகப் பேசுகிறாள் என்பது அவர் குறை. மில்ட்ரெட்டின் கையெழுத்துப் படிகளில் 'சொன்னாள்' என்பதை 'இனிமையாகச் சொன்னாள்' என்று இதமாக்கும் திருத்தங்கள் கூடிக்கொண்டே போயின. 1950-களின் நடுவிலிருந்து பெரும்பாலான புதிய புத்தகங்களை ஹேரியட்டே எழுதினார். நான்சி ஊர் சுற்றத் தொடங்குவது இந்தக் காலத்தில்தான்: ஹாங்காங், ஸ்காட்லாந்து, பிரான்ஸ், பெரு, கென்யா. ஹேரியட் போய்வந்த ஊர்களின் வாசனை அதில் இருக்கும், நடுநடுவே பாடப்புத்தகம்போல நாலு வரித் தகவலும் இருக்கும். அருங்காட்சியகத்தில் யாராவது ஒரு பெரியவர் நான்சிக்கு உள்ளூர் வரலாறு சொல்லத் தொடங்கினால், அது ஹேரியட் பக்கம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

1959-இல் அவர் இன்னொரு பெரிய வேலையைத் தொடங்கினார். முதல் 34 புத்தகங்களையும் வரிசையாகத் திருத்தி எழுதினார்கள். 25 அத்தியாயம் 20 ஆனது. வயது 16 என்பது 18 ஆனது. ரோட்ஸ்டர் போய், கூரையை மடக்கக்கூடிய கன்வெர்டிபிள் கார் வந்தது. அம்மா இறந்தது நான்சியின் மூன்றாம் வயதில் என்றானது. இந்த மாற்றத்தால் ஹன்னாவின் இடமே தலைகீழாயிற்று. மூன்று வயதிலிருந்து வளர்த்தவர் என்றால் வேலைக்காரி இல்லையே, தாய்க்குச் சமம். அதனால் புதிய பதிப்பில் ஹன்னா கவலைப்படுவார், அணைத்துக்கொள்வார், 'பத்திரமாகப் போய்வா' என்பார். பழைய நான்சிக்கு அப்படிச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அவள் தன் போக்கில் சுதந்திரமாகத் திரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

திருத்தத்துக்கு வலுவான காரணம் வேறு ஒன்று. முதல் புத்தகங்களில் கறுப்பின மக்களையும் வேறு இனத்தவரையும் காட்டியிருந்த விதம் படிக்கக் கூசும். ஓல்ட் கிளாக் கதையில் ஏரிக்கரை வீட்டுக் காவலாளி ஜெஃப் டக்கர் குடித்துவிட்டுக் கொச்சை மொழியில் உளறும் கறுப்பினத்தவராகச் சித்திரிக்கப்பட்டிருந்தார். திருத்திய பதிப்பில் அவர் குடிக்காத வெள்ளைக்காரர். இப்படிப் பல இடங்களில் கேலியை நீக்கியதோடு அந்த மனிதர்களையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். இழிவு போனது நல்லதுதான். ஆனால் திருத்திய ரிவர் ஹைட்ஸில் கறுப்பின மனிதர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இந்தியாவைத் தொடும் கதை ஒன்றும் உண்டு, 1936-இல் வந்த தி மிஸ்டரி ஆஃப் தி ஐவரி சார்ம். சர்க்கஸில் யானை பழக்கும் ராய் என்ற முரடன், அவனிடமிருந்து தப்பி நான்சியிடம் அடைக்கலம் புகும் இந்தியச் சிறுவன், அவன் உண்மையில் ஒரு ராஜ குடும்பத்து வாரிசு, உயிர்காக்கும் தந்த யானைத் தாயத்து என்று கதை போகும். மூலத்தில் சிறுவனின் பெயர் கோயா. இந்தியாவின் எந்த மூலையில் இப்படிப் பெயர் வைப்பார்கள் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. 1970-களின் திருத்தத்தில் அவன் ரிஷி ஆனான்.

என் தீர்ப்பைக் கேட்டால், கதையோட்டத்துக்கும் நான்சியின் முறுக்குக்கும் மில்ட்ரெட்டின் மூலம்தான் மேல். குழந்தை கையில் யோசிக்காமல் கொடுக்க ஹேரியட்டின் திருத்தம்தான் தோது. வேகத்துக்காக வெட்டியதில் ஊர், வானிலை, பழைய வீட்டின் இருட்டு எல்லாம் சேர்ந்து போய்விட்டன. எந்த வடிவம் உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிய அத்தியாயங்களை எண்ணினால் போதும். முதல் 34-க்குள் ஒரு புத்தகம் 25 அத்தியாயத்தோடு இருந்தால் மூலம், 20 என்றால் திருத்தியது. மஞ்சள் முதுகு கொண்ட கெட்டி அட்டை 1962-இல் வந்தது, அதில் ஆரம்ப அச்சுகள் சிலவற்றில் மூலமும் இருக்கும். 1991 முதல் ஆப்பிள்வுட் பதிப்பகம் மூல வடிவத்தை அப்படியே மறுபதிப்புச் செய்தது.

இவ்வளவும் எப்படி வெளியே வந்தது? பல ஆண்டுகளாக ஹேரியட் தான்தான் கேரலின் கீன் என்றும், எல்லா நான்சி ட்ரூ கதைகளையும் தானே எழுதினதாகவும் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மில்ட்ரெட் ஒப்பந்தப்படி வாய் திறக்கவில்லை. உடைத்தது பணத் தகராறு. 1979-இல் ஹேரியட் கிராசெட் அண்ட் டன்லப்பை விட்டுவிட்டு, புதிய புத்தகங்களை சைமன் அண்ட் ஷூஸ்டருக்குக் கொடுத்தார். பழைய பதிப்பகம் வழக்குப் போட்டது. 1980-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை. நான்சியை உருவாக்கியது ஹேரியட் மட்டும் அல்ல என்று காட்ட, பழைய பதிப்பகம் மில்ட்ரெட்டைச் சாட்சியாக அழைத்து வந்தது. பல பத்தாண்டுக்கு முந்தைய ஒப்பந்தங்களும் கடிதங்களும் மேஜைக்கு வந்தன. மில்ட்ரெட்டைப் பார்த்ததும் 'நீங்கள் இறந்துவிட்டதாக அல்லவா நினைத்தேன்' என்று ஹேரியட் சொன்னதாக ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. தீர்ப்பில் ஏற்கெனவே வந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் பழைய பதிப்பகத்துக்கும், புதியவை சைமன் அண்ட் ஷூஸ்டருக்கும் என்று பிரிந்தன. ஹேரியட் இறந்த பிறகு, 1984-இல் சிண்டிகேட்டையே சைமன் அண்ட் ஷூஸ்டர் வாங்கியது. கம்பெனியின் கோப்புகள் இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன, அங்கே வாசகர்களும் ஆய்வாளர்களும் பார்க்கலாம்.

நீதிமன்றத்தில் நடந்தது செய்தித்தாள்களில் பெரிதாக வரவில்லை. மில்ட்ரெட்டை உலகம் அறிந்தது 1993-இல். அந்த ஆண்டு அயோவா பல்கலைக்கழகம் நான்சி ட்ரூவுக்காகவே ஒரு மாநாடு நடத்தி, அவரை மேடையேற்றிக் கௌரவித்தது. அவருக்கு அப்போது 87 வயது. அவர் பயன்படுத்திய அண்டர்வுட் தட்டச்சு இயந்திரம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ப்ராஜெக்டுக்கு வருவோம். 'கேரலின் கீன் (ஸ்ட்ராட்டமேயர் சிண்டிகேட்டின் புனைபெயர்)' என்று எழுதி, மில்ட்ரெட் எழுதிய 23-இல் ஒரு கதை என்றால் மில்ட்ரெட் பென்சன் பெயரையும், 1950-களின் நடுவுக்குப் பிறகு என்றால் ஹேரியட் ஆடம்ஸ் பெயரையும் கூடச் சேர்க்கச் சொல்லுங்கள். திருத்திய பதிப்பு என்றால் இருவர் பெயரும் வேண்டும். கதைக்கருவை யார் தந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த முதல் சுருக்கங்கள் எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயருடையவை. மூன்று பேரில் ஒருவரை மட்டும் தாயாக்கிவிட்டு மற்றவர்களை ஒதுக்குவது ஹேரியட் செய்த அதே வேலை.

1979-க்குப் பிறகு பேப்பர்பேக்காக வந்தவற்றுக்கு இந்த அளவு பேச எதுவும் இல்லை. ஹேரியட் சிலவற்றை எழுதினார், அப்புறம் பல கைகள். மூல 56 புத்தகங்களோடு எண்ணிக்கை 2003-இல் 175-ஐத் தொட்டு நின்றது. 1986-இல் தொடங்கிய நான்சி ட்ரூ ஃபைல்ஸ் பதின்ம வயதுக்காரர்களுக்கானது, அதில் கொலையும் உண்டு, நெட்டுடன் ஊடலும் உண்டு. 2004-இல் நான்சியே தன் வாயால் கதை சொல்லும் தொடர், 2013 முதல் நான்சி ட்ரூ டைரீஸ். கொஞ்சம் சின்னக் குழந்தைக்கு டைரீஸ் பரவாயில்லை. ஃபைல்ஸை நான் மறுபடி எடுத்துப் படித்ததில்லை.

பாத்திரங்களும் எழுதியவர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது இப்போது சட்டத்திலும் தெரிகிறது. அமெரிக்காவில் 1930-இல் வந்த நூல்களின் காப்புரிமை 95 ஆண்டு முடிந்து 2026 ஜனவரி 1 அன்று காலாவதியானது. அந்த ஆண்டில் வந்த முதல் மூன்றும், நான்காவதான 'தி மிஸ்டரி அட் லைலாக் இன்' புத்தகமும் பொதுவுடைமை ஆகிவிட்டன. எனவே 16 வயது நான்சி, கார்சன் ட்ரூ, ஹன்னா, ஹெலன், நீல ரோட்ஸ்டர், அப்பாவின் ரிவால்வர் எல்லாம் அங்கே யார் வேண்டுமானாலும் எடுத்துக் கதை எழுதலாம். பெஸ்ஸும் ஜார்ஜும் 1931-இல் வந்தவர்கள் என்பதால் 2027 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். நெட் 2028-இல் வருவான். 1959-இல் திருத்திய 18 வயது நான்சியும் அம்மாவாகிவிட்ட ஹன்னாவும் 2055 வரை பதிப்பகத்தின் வசம். நான்சி ட்ரூ என்ற பெயரை அட்டையில் வணிக முத்திரையாகப் போடுவதற்கான விதிகள் தனி, அவை காப்புரிமையோடு முடிந்துவிடுவதில்லை.